விலக்கில் நிற்பவருக்குக் கட்டம் இல்லை

போன தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த வாரம். காலை ஏழே முக்காலுக்கு எங்கள் ஊர் விலக்கில், அதாவது பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடத்தில், நின்றுகொண்டிருந்தேன். நிழற்குடை கிடையாது. பைபாஸ் போட்டபோது வெட்டிய புளியமரத்தின் தூர் ஒன்று மிச்சம் இருக்கிறது, நெருக்கி உட்கார்ந்தால் இரண்டு பேருக்கு இடம். அன்றைக்கு அந்தத் தூரையொட்டி நான்கு கம்பு நட்டு, மேலே பச்சை வலை கட்டி, இரண்டு பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பரீட்சை அட்டை, அதில் கட்டம் கட்டமாக அச்சடித்த தாள். ஒரு வண்டி கடந்தால் ஒரு கோடு. நான்கு கோடு சேர்ந்தால் ஐந்தாவது குறுக்கே. ஒருவன் காரைக்குடி போகிற பக்கத்தைப் பார்க்கிறான், மற்றவன் எதிர்ப்பக்கத்தை. லாரி, கார், பைக், வைக்கோல் ஏற்றிய டிராக்டர், எதையும் விடுவதில்லை. சினிமா பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாகக் கோடு போடுகிறது.

டவுன் பஸ் எட்டு மணிக்கு வர வேண்டியது. எட்டரை ஆயிற்று, எட்டே முக்கால் ஆயிற்று. வெளியூர் போகிற இரண்டு மொபசல் பஸ்கள் வேகம் குறையாமல் போயின, அவற்றுக்கும் தலைக்கு ஒரு கோடு விழுந்தது. என்னோடு நின்றிருந்த கொத்தனார் யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டார். பாலிடெக்னிக் பையன் கை நீட்டி நீட்டி ஒரு சரக்கு வேனை நிறுத்தி ஏறிவிட்டான். கீரைக்கூடை வைத்திருந்த அப்பத்தா "இனிமே போயி என்னத்த விக்கிறது" என்று கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரைப் பார்க்கத் திரும்பி நடந்துவிட்டது. கடைசியில் நான் மட்டும்.

"என்ன தம்பி கணக்கு இது?"

"டிராபிக் சென்சஸ்க்கா. ஏழு நாளு, ராத்திரி பகலு. நாங்க பகல் ஷிப்ட்டு."

"நானும் ஒரு மணி நேரத்துக்கு மேல இங்கதான் நிக்கிறேன். என்னை எதுல போட்டீங்க?"

கிண்டலாகத்தான் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. பேனா முனையைத் தாளின் மேல் வரிசையில் ஒவ்வொரு தலைப்பாக நகர்த்திப் பார்த்தான். கார், ஜீப், வேன். பேருந்து. லாரி. இரு சக்கரம். சைக்கிள். மாட்டு வண்டி. இதர வாகனம். கடைசிவரை போய்விட்டு நிமிர்ந்து சொன்னான்: "உங்களுக்குக் கட்டம் இல்லக்கா."

நல்ல பையன். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தான். பஸ் ஒன்பது பத்துக்கு வந்தது. நான் ஏறினேன், பஸ்ஸுக்கு ஒரு கோடு போட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஆறேழு மாதமாக இது மனத்தைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

எட்டு காரும் ஒரு மாட்டு வண்டியும்

நான் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். எங்கள் ஐயா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்கள் ஊருக்கு ஐந்தொகை என்னும் வரவு செலவுக் கணக்கு அனுப்பிய மண் இது, காலணா உதைத்தாலும் விளக்கை ஏற்றிக்கொண்டு விடிய விடியத் தேடுவார்கள் என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. ஒரு செலவு எந்தத் தலைப்பிலும் அடங்காவிட்டால் 'இதர' என்று போட்டாவது பேரேட்டில் ஏற்றிவிடுவோம், வெளியே விட மாட்டோம். அந்தத் தாளில் 'இதர'கூட இருந்தது. இதர வாகனம். சக்கரம் இல்லாததால் அதிலும் நான் வரவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். சாலைப் பொறியாளர்கள் வண்டிகளை அப்படியே எண்ணிக்கையாகக் கூட்டுவதில்லை. எல்லாவற்றையும் காருக்குச் சமமாக மாற்றிக் கூட்டுகிறார்கள். சாலைகளுக்கு அளவுகோல் வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990-ல் கிராமப்புறச் சாலைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் அந்த அட்டவணை இருக்கிறது. கார் 1. பைக் 0.5. பஸ்ஸும் லாரியும் 3. டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4.5. குதிரை வண்டி 4. மாட்டு வண்டி 8. ஆமாம், ஒரு மாட்டு வண்டி எட்டு காருக்குச் சமம். இதைப் படித்த அன்று அலுவலகத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. எந்திரத்தால் ஓடும் வண்டிகள் பொதுப்பட்டியலில் வருகின்றன, மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பங்கு. எந்திரம் இல்லாத வண்டி மாநிலப் பட்டியல். தேசிய நெடுஞ்சாலை அவர்களுடையது, ரயில் அவர்களுடையது. மாட்டு வண்டி மட்டும் முழுக்க முழுக்க நம்முடையது.

மாட்டு வண்டிக்கு எட்டு போட்டதில் தப்பில்லை. அது மெதுவாகப் போகும், பின்னால் வருகிறவரை மறிக்கும், ஆகவே சாலையில் அது அடைக்கிற இடம் அதிகம். நெரிசலை அளப்பதற்கு இது சரியான படிதான். இருவழிச் சாலை என்றால் சமவெளியில் நாளொன்றுக்கு 15,000 அலகு, அதாவது 15,000 காருக்குச் சமமான வண்டிகள், தாங்கும், ஒற்றைத் தடம் என்றால் 2,000 என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் அகலப்படுத்த வேண்டும். சாலைக்கு என்ன தேவை என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். சாலையோரம் நிற்கிறவருக்கு என்ன தேவை என்று இதனிடம் யாரும் கேட்கவில்லை, இதுவும் சொல்லவில்லை.

கணக்கு எழுதுகிறவளுக்கு அரிப்பு அதோடு அடங்கவில்லை. அறுபது பேர் தொங்கிக்கொண்டு போகிற பஸ்ஸும் 3, காலிப் பஸ்ஸும் 3. சரி, அந்த அறுபது பேரின் பஸ் நின்றுபோய்விட்டது என்று வையுங்கள். கணக்கில் 3 குறைய வேண்டும். ஆனால் அவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. தவணையில் பைக் எடுக்கிறார்கள். பைக்குக்கு இரண்டு பேர் என்றால் முப்பது பைக், அதாவது 15 அலகு. ஒரு பஸ்ஸை எடுத்துவிட்டால் சாலையின் 'தேவை' ஐந்து மடங்காகிறது. அடுத்த சென்சஸில் போக்குவரத்து பெருகிவிட்டது என்று வரும். நாலுவழி போடுவார்கள். நாலுவழி வந்தால் விலக்கு ஊரைவிட்டு இன்னும் தள்ளிப் போகும். எங்கள் ஊரில் முதலில் பைபாஸ் வந்தது. பஸ் ஊருக்குள் வருவது குறைந்தது. ஊருக்கும் விலக்குக்கும் இடையிலான ஒன்றரைக் கிலோமீட்டரில் பைக்குகள் பெருகின. இதில் எது முதல், எது பின் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. தாளிலோ எல்லாமே வளர்ச்சியாகத்தான் தெரியும்.

வண்டியை நிறுத்தி, எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கிற கணக்கெடுப்பும் இருக்கிறது. அதுவும் வண்டிக்குள் இருப்பவரிடம்தான். நடப்பவர்களை எண்ணும் முறையும் இருக்கிறது, ஆனால் அவர் சாலையைக் கடக்க வேண்டும். நிற்பவர் வருவதில்லை.

கேள்வி எங்கிருந்து வந்தது

அந்தத் தாளின் கட்டங்களை யார் போட்டது என்று பின்னோக்கிப் போனால், அது ஒரு சட்டசபை ஆய்வில் கொண்டுபோய் விடுகிறது. 1927-ல், பிரிட்டிஷ் ஆட்சியில், டெல்லியிலிருந்த மத்தியச் சட்டசபையின் இரு அவை உறுப்பினர்களையும் கொண்டு சாலை வளர்ச்சியை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் எம். ஆர். ஜெயகர். அடுத்த ஆண்டே அறிக்கை வந்தது. அதன் பலனாக 1929-ல் பெட்ரோல் மீது கேலனுக்கு 2 அணா கூடுதல் வரி போட்டு மத்திய சாலை நிதி தொடங்கியது. 1934-ல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வந்தது. மாட்டு வண்டிக்கு எட்டு போட்டது அதே காங்கிரஸ்தான். காரைக்குடிக்கு ரயில் வந்ததும் அந்தக் காலத்தில்தான், 1930-ல். தேவகோட்டைக்கு ரயில் போகாமல், ஊரைவிட்டுத் தள்ளி 'தேவகோட்டை ரஸ்தா' என்று ஒரு ஸ்டேஷன் வந்ததும் அப்போதுதான். ஊரைத் தள்ளிவைத்துவிட்டு ஊருக்குப் போகும் ரஸ்தாவுக்கு, அதாவது சாலைக்கு, பெயர் வைப்பது நமக்குப் புதிதில்லை.

குழு போட்டால் ஒன்றும் நடக்காது, காலம் கடத்தத்தான் குழு என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜெயகர் குழுவைப் பற்றிப் படித்ததும் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. நிதி, நிறுவனம், அளவுகோல் என்று நூறு ஆண்டுக்கு ஓடுகிற ஏற்பாடு ஓராண்டு ஆய்விலிருந்து கிளம்பியிருக்கிறது. அன்றைக்குக் கேட்ட கேள்வி மோட்டார் வண்டி பெருகுகிறதே, சாலை தாங்கவில்லையே, பணத்துக்கு எங்கே போவது என்பது. நியாயமான கேள்வி, நியாயமான பதிலும் கிடைத்தது. அந்தக் கேள்வியின் வாரிசுதான் விலக்கில் அந்தப் பையன் மடியில் இருந்த தாள். இடையில் இன்னொரு கேள்வியை எந்தச் சபையாவது அதே மும்முரத்தோடு கேட்டிருந்தால் தாளில் இன்னொரு கட்டம் விழுந்திருக்கலாம்.

'ஆய்வு' என்றால்

நம் மொழியில் 'ஆய்வு' படும் பாடு தனி. மாவட்ட ஆட்சியர் ஆய்வு, அமைச்சர் திடீர் ஆய்வு, சட்டமன்றக் குழு ஆய்வு என்று நாளிதழின் மாவட்டப் பக்கத்தைத் திருப்பினால் தினம் ஒன்றாவது இருக்கும். படத்தில் நாலைந்து கார், ஒருவர் கை நீட்டி எதையோ காட்டுவார், மற்றவர்கள் அந்தத் திசையைப் பார்ப்பார்கள். வந்து பார்ப்பதும் ஆய்வு, உட்கார்ந்து ஆராய்வதும் ஆய்வு. ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுவதால், முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்துவிட்டது என்று நாம் சமாதானமாகிவிடுகிறோம்.

நம் சட்டமன்றப் பேரவையில் குழுக்களுக்குக் குறைவில்லை. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு. ஒவ்வொன்றும் தேவையானதுதான். ஆனால் பெரும்பாலும் இவை நடந்ததைத் திரும்பிப் பார்க்கிற குழுக்கள். செலவழித்த பணம் சரியாகச் செலவானதா, அமைச்சர் அவையில் சொன்ன உறுதி நிறைவேறியதா. எங்கள் அலுவலகத்து வேலையும் இதுதான், மார்ச் முடிந்த பிறகு வந்து டிக் அடிப்பது. வருகிற ஐந்து ஆண்டில் பஸ்ஸில் யார் போவார்கள், யார் போக முடியாமல் போகும் என்று முன்கூட்டி ஆராய்வது வேறு வேலை. கேரளச் சட்டசபையில் 1980 முதல் துறைவாரியாகப் பொருள் குழுக்கள் இருக்கின்றன. நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள், போக்குவரத்துக்கும் ஒன்று. நம்மிடம் போக்குவரத்துக்கு என்று அப்படியொன்று இல்லை. மானியக் கோரிக்கை அன்று கொள்கை விளக்கக் குறிப்பு வரும், உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து தன் தொகுதிக்கு ஒரு பாலம், ஒரு பணிமனை, ஒரு புறவழிச்சாலை கேட்பார்கள், அமைச்சர் பதில் சொல்வார். நான் உறுப்பினர்களைக் குறை சொல்லவில்லை. நாமும் அவர்களிடம் அதைத்தான் கேட்கிறோம். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் 'எங்க ஊர்ல யாரு எங்க போறாங்கன்னு ஒரு ஆய்வு வைங்க' என்று யாராவது கேட்டதுண்டா? ஆளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் என் அத்தை மகனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே மாநிலச் சட்டசபை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் கூடுகிறது. மற்ற காலத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். சபை கலைந்த பிறகு அவைத் தலைவரும் துணை ஆளுநரும் ஒவ்வொரு குழுவுக்கும் 'அடுத்த கூட்டத்துக்குள் இதையெல்லாம் ஆராய்ந்து வையுங்கள்' என்று ஒரு பட்டியல் கொடுப்பார்களாம். போக்குவரத்துக் குழுவுக்கும் அப்படி ஒன்று. "அதனால அங்க பஸ்ஸு நல்லா ஓடுதா?" என்றேன். "பஸ்ஸா? நான் கார்லதான் போறேன்" என்றான். அவர்கள் ஊரிலும் எதை ஆராய்வது என்பதில்தான் சூட்சுமம் போல. பட்டியலில் ஏறாதது அங்கேயும் ஏறாததுதான்.

எங்கள் பக்கத்தில் ஆய்வே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மேலூர், திருப்பத்தூர் வழியாக மதுரைக்கு ஒரு ரயில் பாதை வேண்டும் என்று பல காலமாகக் கேட்கிறோம். அதற்கு சர்வே எடுத்தார்கள், பாதை வரவில்லை. செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் கிடக்கிறது, அதை விமான நிலையமாக்கினால் என்ன என்ற பேச்சு அவ்வப்போது எழும். பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாளைக்கு உற்சாகம் கரைபுரளும். அழகப்பச் செட்டியார் சொந்தமாக விமானக் கம்பெனியே நடத்திய ஊர் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பெரிய வண்டிக்குத்தான் பெரிய ஆய்வு. டவுன் பஸ்ஸுக்கு சர்வே என்று நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. 2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று வந்தது. அதன்பின் மாநிலத் திட்டக் குழு பெண்களிடமே கேட்டு ஓர் ஆய்வு செய்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று அதில் வந்த கணக்கைப் பிற்பாடு மேடைக்கு மேடை சொன்னார்கள். எனக்கு அந்தத் தொகையைவிட, கேட்டார்கள் என்பதே பெரிதாகப் பட்டது. அதோடு, காசு வாங்காவிட்டாலும் கண்டக்டர் எங்களுக்கு ஒரு டிக்கெட் கிழித்துத் தருகிறார். என் அம்மா ஐம்பது வருடமாக டவுன் பஸ்ஸில் போகிறாள். அவள் பெண் என்பது டிக்கெட்டில் தெரிந்தது இப்போதுதான். ஆனால் அந்த டிக்கெட்டும் ஏறினவளுக்குத்தான். கீரைக்கூடையோடு திரும்பிப் போன அப்பத்தாவுக்கு எதைக் கிழிப்பது?

ஒரு துறை, ஒரு பிரச்சினை, ஐந்து நகல்

மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே செய்தித்தாளில் அறிவிப்பு வரும். பொதுப் பிரச்சினைகளை எழுதி அனுப்பலாம். தமிழில், தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஐந்து நகல். நீதிமன்றத்தில் இருக்கிற விஷயம் கூடாது, தனிப்பட்டவரின் குறை கூடாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. மனு ஒரே ஒரு பிரச்சினையைப் பற்றி, ஒரே ஒரு துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. என் பிரச்சினை எந்தத் துறை? பஸ் போக்குவரத்துத் துறை. ஒரு காலத்தில் மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகத்துக்குத் தலைமையிடமே காரைக்குடிதான், இப்போது கும்பகோணம் கோட்டத்தில் நாங்கள் ஒரு மண்டலம். அது போகட்டும். பஸ் நிற்கிற இடம் நெடுஞ்சாலைக்காரர்களுடையது. ஊரிலிருந்து விலக்குக்கு வருகிற ஒன்றரைக் கிலோமீட்டர் ஊராட்சி ஒன்றியச் சாலை, அது ஊரக வளர்ச்சித் துறை. அதில் எரியாத விளக்கு ஊராட்சி. பிள்ளைகள் ஒன்பதரைக்குள் போக வேண்டும் என்பது பள்ளிக் கல்வித் துறை. விலக்கில் நிற்கிற ஒரு மனுஷிமேல் இத்தனை துறைகள் வந்து முட்டுகின்றன, மனுவிலோ ஒன்றுக்குத்தான் இடம். அந்த நிபந்தனையிலும் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு மனு ஓர் அதிகாரியின் மேசைக்குப் போய்ப் பதிலோடு திரும்ப வேண்டுமானால் அப்படித்தான் இருக்க முடியும். எந்தத் துறை என்றே தெரியாத ஒன்றைத்தான் ஆய்வு என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். மனு போட்டு முடிகிற விஷயத்துக்கு ஆய்வு எதற்கு?

எங்கள் ஆடிட்டர் சாரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தவர், "ஏம்மா, காலையில எட்டு மணிக்கு ஒரு பஸ் வேணும்னு ஒரே வரியில எழுது. ஒரே துறை. சோலி முடிஞ்சது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 'நெறையப் பேர்' என்று சொல்லலாம். எந்தப் பேரேட்டிலும் நிறைய என்று எழுதி நான் பார்த்ததில்லை.

நோட்டு

ஆடி பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தேன். நாற்பது பக்க நோட்டு, ஸ்கேலால் கோடு போட்டு நானே கட்டம் கட்டினேன். வந்த நேரம். எங்கே போக. எதில் போனார். எத்தனை மணிக்கு. ஒன்பது வரை நின்று எழுதிவிட்டு வேலைக்குப் போவேன், அலுவலகத்தில் ஒரு வாரம் அரை மணி பொறுத்துக்கொண்டார்கள். பெயர் எழுதவில்லை. முதல் நாள் எல்லோரும் ஏதோ ஸ்கீம் வருகிறது என்று நினைத்தார்கள். இரண்டு பேர் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமையே என் கட்டம் பற்றவில்லை. ஒரு மொபசல் பஸ் நின்றது, கண்டக்டர் "காரைக்குடி, காரைக்குடி" என்று கூவினார், நின்ற பதினோரு பேரில் மூன்று பேர்தான் ஏறினார்கள். மூவரும் ஆண்கள். பெண்கள் அசையவில்லை. அந்த பஸ்ஸில் பெண்களுக்கும் காசு உண்டு. கீரைக்கட்டு விற்கிறவர் போக வரக் காசு கொடுத்தால் அன்றைக்கு என்ன மிஞ்சும்? டவுன் பஸ்ஸுக்காக இவர்கள் நிற்கிறார்கள், மொபசல் பஸ் பாதி காலியாகப் போகிறது. டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்த விலக்கில் மூன்று பேர்தான் ஏறினார்கள் என்று தெரியும், அங்கே நின்ற எட்டுப் பேர் தெரியாது. அன்று ராத்திரி 'விட்ட பஸ்' என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கட்டம்தான் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பியது. நர்சிங் படிக்கிற ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நான் ரெண்டு பஸ் விட்டேன், ஒண்ணுதான் போட்டிருக்கீங்க" என்று திருத்தினாள். ஒன்பதாவது படிக்கிற மூன்று பிள்ளைகள் தினமும் ஒரே பைக்கில் ஒருவருடைய சித்தப்பாவோடு போனார்கள். அதை 'பைக்' என்று எழுதுவதா, 'பஸ் இல்லாததால் பைக்' என்று எழுதுவதா என்று தெரியாமல் இரண்டு மாதிரியும் எழுதி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை கடைசி நாள். காலையிலேயே லேசாகத் தூறல். அதே புளியமரத் தூரில் நானும் கீரைக்கூடை அப்பத்தாவும் உட்கார்ந்திருந்தோம். கூடைமேல் யூரியா சாக்கை விரித்து மூடியிருந்தது. என் நோட்டை எட்டிப் பார்த்தது.

"என்னாத்தா, ஒரு வாரமா எழுதுறே. பஸ்ஸு விடுவாகளா?"

"பஸ் கேக்கல அப்பத்தா. முதல்ல இங்க நிக்கிறவங்களை எண்ணச் சொல்லிக் கேக்கப் போறேன்."

"எண்ணறதுக்குக் கேக்குற வாய், பஸ்ஸையே கேட்டா என்ன?" என்றது. ஆடிட்டர் சாரும் அப்பத்தாவும் ஒரே கட்சி. நான் பதில் சொல்லத் தேடிக்கொண்டிருக்கும்போதே, "சரி, இதுல நான் எது?" என்று கேட்டது. காட்டினேன். திங்கள், ஏழு ஐம்பது, டவுன் பஸ். செவ்வாய், விட்ட பஸ் ஒன்று. புதன், வியாழன். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனாலும் நான் விரல் வைத்த ஒவ்வொரு இடத்திலும் தன் விரலையும் வைத்துப் பார்த்தது. வெள்ளிக்கிழமை வரிசையில் என் விரல் எங்கும் நிற்கவில்லை.

"நேத்து?"

"நேத்து நீங்க வரலையே அப்பத்தா."

"வராம என்ன? பேத்திக்குக் காய்ச்சல்னு பத்து மணிக்கு வந்தேன். பன்னெண்டு வரைக்கும் நின்னுட்டுக் கீரை வாடிப்போயித் திரும்பிப் போனேன். அது எங்க?"